கிட்டார் பாடமும் என் இடது கையும்

பிரஷர் குக்கர் வந்த அட்டைப்பெட்டி. அதன் மேல் இரண்டு தடித்த அகராதிகள். அகராதிகளின் மேல் ஒரு செங்கல். செங்கலோடு ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய என் கணவரின் செல்போன். எங்கள் படப்பிடிப்புத் தளம் அவ்வளவுதான்.

வரதராஜன்பேட்டையில் எங்கள் வீட்டு முன்னறை, ஒரு சனிக்கிழமை மதியம். ஃபேன் ஓடினால் மைக்கில் காற்று இரைகிறது என்று நிறுத்தியாயிற்று. ஜன்னல்களைச் சாத்தியாயிற்று. அப்படியும் பின் தெருவில் முந்திரிக்கொட்டை வறுக்கும் புகை எப்படியோ உள்ளே வந்து தொண்டையைக் கமறச் செய்தது. நான் மடியில் கிட்டாரோடு, இருப்பதிலேயே நல்ல சேலையில், வியர்வை வழிய உட்கார்ந்திருந்தேன்.

"ஸ்டெல்லா, ரெக்கார்டு ஆவுது. சொல்லு" என்றார் என் கணவர், ஏதோ விமானத்தைக் கிளப்புகிறவர் போன்ற முகத்தோடு.

"வணக்கம். இது இடது கைப் பழக்கம் உள்ளவங்களுக்கான கிட்டார் பாடம். நானும் இடது கைதான்..."

சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே தெருவைக் கடந்தது. நிறுத்தினோம். மறுபடி தொடங்கினோம். கோலமாவு விற்பவர் வந்தார். மறுபடி தொடங்கினோம். எதிர்வீட்டுக் குக்கர் விசில் அடித்தது. அதற்குள் செங்கல் மெல்ல நகர்ந்து, போனில் என் தலை போய்க் கழுத்துக்குக் கீழே மட்டும் பதிவாகியிருந்தது.

கடைசியில் சாயங்காலம் வெயில் இறங்கும் நேரத்தில், ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவில், பாடம் முழுதாகப் பதிவானது. கிட்டாரைப் பிடிப்பது எப்படி, மூன்று விரல்களை ஒன்றாக அழுத்தி கார்ட் பிடிப்பது எப்படி, தாளத்துக்குக் கம்பிகளை மீட்டுவது எப்படி என்று எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொல்லியிருந்தேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்துக்கு என்ன கதி நேர்ந்தது என்பதைச் சொல்லத்தான் இந்த வாரம் உட்கார்ந்திருக்கிறேன். கோபம் இன்னும் ஆறவில்லை. எழுதி முடிப்பதற்குள் ஆறுமா என்றும் தெரியவில்லை.

அமலியின் ஆசை

அந்த வீடியோவை ஊருக்காக எடுக்கவில்லை. ஒரே ஒருத்திக்காக எடுத்தேன். அவள் என் தங்கை அமலி.

அமலியைத் தா.பழூரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். நெல் விவசாயம், மாடு, மாமனார், மாமியார் என்று பெரிய குடும்பம். எனக்கு இடது கை என்றால் அவளுக்கும் இடது கை. எங்கள் வீட்டில் நாங்கள் இருவர் மட்டும்தான் அப்படி. சின்ன வயதில் நான் கோவில் பாடகர் குழுவில் கிட்டார் பழகியபோது அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். அவளுக்குக் கற்றுக்கொள்ளும் முறை வருவதற்குள் கல்யாணம் வந்துவிட்டது.

இப்போது அவள் மகன் புதுநன்மை வாங்கப் போகிறான். பிள்ளைகள் முதன்முறையாக நற்கருணை வாங்கும் அந்தப் பூசையில் ஒரே ஒரு பாட்டுக்குத் தானே கிட்டார் வாசிக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. நாற்பதை நெருங்கும் பெண்ணுக்கு இது என்ன ஆசை என்று அந்த வீட்டில் சிரித்திருக்கிறார்கள். சிரிக்கட்டும் என்று அவள் பெரம்பலூர் வரைக்கும் பஸ் ஏறிப் போய் ஒரு கிட்டார் வாங்கி வந்தாள்.

கடைக்காரர், "லெஃப்ட் ஹேண்டு பீஸெல்லாம் நம்ம பக்கம் வராதுங்க. யாரும் கேக்கமாட்டாங்க" என்றாராம். எதிரே நின்று ஒருத்தி கேட்டுக்கொண்டிருக்கிறாள், யாரும் கேட்கமாட்டார்களாம்! அப்புறம் சாதாரண கிட்டாரையே வாங்கி, கம்பிகளைக் கழற்றித் தலைகீழ் வரிசையில் மாட்டிக்கொண்டாள். நானும் அப்படித்தான் வாசிக்கிறேன். வலது கைக்காரர்களுக்கு முகத்தின் பக்கம் தடிக் கம்பி வரும். எங்களுக்கும் அப்படியே வரவேண்டும் என்றால் கம்பிகளை மாற்றித்தான் ஆக வேண்டும்.

அரியலூரில் ஒரு கிட்டார் வகுப்பில் போய்ச் சேர்ந்தாள். அந்த மாஸ்டர் கிட்டாரைப் பார்த்ததுமே, "மொதல்ல கம்பிய ஒழுங்கா மாட்டிக்கிட்டு வாம்மா. கையை மாத்திக்க. சரஸ்வதி குடியிருக்கிற வாத்தியத்துல பீச்சாங்கைய வைக்கிறதா?" என்று எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறார். கூட உட்கார்ந்திருந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிரித்திருக்கின்றன. அமலி கிட்டாரை உறைக்குள் வைத்து ஜிப்பை மூடிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் வந்துவிட்டாள்.

அன்றைக்குப் போனில், "அக்கா, எனக்கு நீயே சொல்லிக்குடுத்துடேன்" என்றாள்.

எனக்குப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. பரீட்சை நேரம். ஜெயங்கொண்டம் போய் பஸ் மாறித் தா.பழூர் போவதற்குள் அரை நாள் போய்விடும். அவளுக்கும் அறுப்பு நேரம். அதனால்தான் வீடியோ. "நீ எத்தனை தடவை வேணாலும் போட்டுப் பாத்துக்கலாம்டி. கேட்டதையே நூறு தடவை கேட்டாலும் வீடியோவுல நான் திட்டமாட்டேன்" என்றேன். அவள் சிரித்தாள்.

சோத்தாங்கை, பீச்சாங்கை

இங்கே கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும்.

எங்கள் ஊரில் வலது கைக்குப் பெயர் சோத்தாங்கை. இடது கைக்குப் பெயர் பீச்சாங்கை. ஒரு கைக்குச் சோறு, இன்னொரு கைக்கு என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை. இந்தப் பெயரைக் கேட்டுக்கொண்டேதான் நானும் அமலியும் வளர்ந்தோம். இடது கையால் நீட்டினால் கடைக்காரர் சில்லறை வாங்கமாட்டார். கல்யாண வீட்டில் சந்தனம் எடுத்தால் தட்டை இழுத்துக்கொள்வார்கள். இன்றைக்கும் "வலது பக்கம் திரும்பு" என்று யாராவது சொன்னால் எனக்கு ஒரு நொடி பயம் வரும். அதனால் நான் வலது, இடது என்ற சொற்களையே முடிந்தவரை தவிர்த்துவிடுவேன். 'இந்தக் கை', 'அந்தக் கை' என்று தூக்கிக் காட்டித்தான் பேசுவேன். வீடியோவிலும் தொடக்கத்தில் ஒரு தடவை தவிர மற்ற இடமெல்லாம் அப்படித்தான் பேசியிருந்தேன்.

ஆசிரியை ஆன பிறகாவது விட்டார்களா? நான் கரும்பலகையில் இடது கையால் எழுதுவதைப் பார்த்து என் பிள்ளையும் பழகிவிடும் என்று ஒரு தகப்பனார் தலைமை ஆசிரியரிடம் புகார் கொடுத்தார். நான் எழுதுவதில் ஓர் எழுத்துப்பிழை உண்டா? கோணல் உண்டா? அதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை.

பாடகர் குழுவில் இன்னொரு விதம். கிட்டார் வாசிப்பவர்கள் வரிசையாக நிற்கும்போது எல்லாருடைய கிட்டார்க் கழுத்தும் ஒரு பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். என்னுடையது மட்டும் எதிர்ப்பக்கம் நீளும். பக்கத்தில் நிற்பவரின் கிட்டாரோடு இடித்துக்கொள்ளும். அதற்காக என்னை ஓரத்தில் நிறுத்தியிருக்கலாம். அவர்கள் கீபோர்டுக்குப் பின்னால், தூணுக்கு மறைவில் நிறுத்தினார்கள். "பாக்குறவங்களுக்கு ஒரு மாதிரியா இருக்குதும்மா" என்றார் குழுத் தலைவர். காதுக்கு எப்படி இருக்கிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

என் மாமியார் நல்லவர். ஆனால் என் கல்யாண சிடி ஒன்றை வைத்துக்கொண்டு அவர் பண்ணிய பாடு இருக்கிறதே! நான் இடது கையால் யாருக்காவது தண்ணீர் நீட்டிவிட்டால் போதும்.

"கல்யாணத்தன்னிக்கு எம்மவனுக்கு எவ்வளவு லட்சணமா சோத்தாங்கையால கேக்கு ஊட்டுன? சிடியில நாந்தான் பாக்குறேன்ல? அன்னிக்கு வந்தது இன்னிக்கு ஏன் வரமாட்டேங்குது?"

இத்தனை வருடமும் இதே கேள்விதான். எனக்கும் அதற்குப் பதில் தெரியவில்லை. அந்தப் பதற்றத்தில், அத்தனை ஜனங்களுக்கு முன்னால், எப்படியோ என் கை அன்று ஒரு நாள் அடங்கி நடந்துகொண்டது என்று நானும் நம்பியிருந்தேன். மாமியாரிடம் நான் பேர் வாங்கிய ஒரே நாள் அதுதான்.

சேலையைப் பற்றி மட்டும்

எடுத்த வீடியோவைச் செதுக்கிச் சேர்க்க ஆள் வேண்டும் அல்லவா? வீட்டிலேயே ஆள் இருந்தது. என் கொழுந்தன் விக்டர். ஜெயங்கொண்டத்தில் கல்யாண வீடியோ ஸ்டுடியோ வைத்திருக்கிறான். சுற்றுவட்டாரத்தில் பாதிக் கல்யாணம் அவன் கேமராவில்தான் நடக்கும். அண்ணி என்றால் உயிரை விடுவான். அதை மட்டும் எப்போதும் சொல்வேன்.

"குடுங்க அண்ணி, சினிமா மாதிரி பண்ணித் தர்றேன்" என்று வாங்கிக்கொண்டு போனான். ஒரு வாரத்தில் அவனே ஒரு சேனல் தொடங்கி, 'வீட்டிலிருந்தே கிட்டார் கற்கலாம்' என்று தலைப்புப் போட்டு ஏற்றியும் விட்டான். அமலிக்கும் அனுப்பிவிட்டான்.

அடுப்படியில் நின்றபடி போனில் பார்த்தேன். நான் முதலில் சொன்ன வணக்கமும், இடது கைக்காரர்களுக்கான பாடம் என்ற அறிமுகமும் இல்லை. உடனே போன் போட்டேன்.

"மொதல்ல ஜவ்வா இழுத்தா ஜனங்க தள்ளிட்டுப் போயிடுவாங்க அண்ணி. அதான் எடுத்துட்டேன்."

"சுவத்துல காலண்டர் இருந்துச்சே, அதும் மேல எதுக்குடா ரோஜாப்பூ சுத்துது?"

"சும்மா அழகுக்கு அண்ணி."

அறிமுகம் போனது எனக்கு எரிச்சல்தான். ஆனாலும் யாருக்கான பாடம் என்று அமலிக்குத் தெரியுமே என்று விட்டுவிட்டேன். மற்றபடி வீடியோவில் ஒரு குறையும் தெரியவில்லை. பீரோக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து எத்தனையோ வருடம் வாசித்துப் பழகியவள் நான். கண்ணாடியில் எப்படித் தெரிவேனோ அதே நான், அதே கிட்டார், அதே பக்கம். மனதுக்கு நிறைவாக இருந்தது.

பார்த்தவர்கள் கருத்து எழுதத் தொடங்கினார்கள். ஆசையாகத் திறந்து படித்தேன்.

'சிஸ்டர் சேலை ஏன் இந்தி சீரியல் மாதிரி கட்டியிருக்கீங்க?'

'முந்தானை மாத்திப் போட்டிருக்கீங்க அக்கா.'

'சேலை எந்தக் கடை?'

வரிசையாக இதேதான். நான் தொண்டை கமறக் கமறச் சொன்ன பாடத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. ஒரு பெண் எதைச் செய்து காட்டினாலும் இவர்கள் கண் சேலைக்குத்தான் போகுமா என்று பல்லைக் கடித்தேன். நான் எப்போதும் கட்டுவது போலத்தான் கட்டியிருந்தேன், இடது தோளில்தான் முந்தானை. கண் தெரியாதவர்கள் என்று திட்டிவிட்டுப் போனை மூடிவிட்டேன். அவர்களுக்குக் கண் நன்றாகவே தெரிந்திருக்கிறது என்பது பிறகுதான் புரிந்தது.

தடிக் கம்பி கீழே

அமலியிடமிருந்து பேச்சே இல்லை. "பாத்தியாடி?" என்றால் "ம்" என்பாள். "பழகுறியா?" என்றால் "ம்" என்பாள். புதுநன்மைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கிளம்பிவிட்டேன்.

தா.பழூரில் ரோட்டோரம் முழுக்க நெல் காயப்போட்டிருந்தார்கள். அமலி தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நெல்லைத் துழாவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஆனால் அந்தச் சிரிப்பு முழுதாக இல்லை.

உள்ளே போய் மோர் குடித்துவிட்டு, பீரோ மேலிருந்த கிட்டாரை எடுத்து மடியில் வைத்து ஒரு தடவை மீட்டினேன். கர்ண கடூரமாக ஒரு சத்தம் வந்தது. குனிந்து பார்த்தேன். மேலே இருக்க வேண்டிய தடிக் கம்பி கீழே இருந்தது. மெல்லிய கம்பி மேலே இருந்தது.

"யாருடி கம்பிய மாத்துனது? அந்த அரியலூர் மாஸ்டரா?"

"நாந்தான்."

"ஏன்டி?"

அமலி இடது கையை என் முன்னால் நீட்டினாள். ஐந்து விரலில் நான்கின் நுனி வெந்தது போல் சிவந்து, ஒன்றில் தோல் உரிந்திருந்தது. எங்களைப் போன்றவர்கள் கம்பிகளை அழுத்துவது வலது கையால். இவளுக்கோ காயம் இடது கையில்.

"நீ மாறிட்ட. நான் மட்டும் எதுக்கு முரண்டு பண்ணிக்கிட்டுத் திரியணும்னு மாத்திட்டேன்" என்றாள்.

"நான் எங்கடி மாறினேன்?"

"வீடியோவுல சோத்தாங்கையாலதானக்கா வாசிக்கிற?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் தன் போனை எடுத்து வீடியோவைப் போட்டாள். பார்த்தேன். அப்போதும் என் கண்ணுக்கு ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை.

"வாட்ச்சப் பாரு. நீ வாட்ச்சு எந்தக் கையில கட்டுவ?"

குனிந்து என் கையைப் பார்த்தேன். மணிக்கட்டில் வாட்ச் இருந்தது, வழக்கம்போல் வலது கையில். போனில் இருந்தவள் இடது கையில் கட்டியிருந்தாள். முந்தானை வலது தோளில் கிடந்தது. கிட்டாரை மீட்டிக்கொண்டிருந்தது வலது கை. கண்ணாடி எப்படித் திருப்பிக் காட்டுமோ அப்படி வீடியோ முழுவதையும் யாரோ திருப்பியிருந்தார்கள். கண்ணாடியில் என்னைப் பார்த்தே பழகிய எனக்கு மட்டும் அது தெரியவில்லை. ஊருக்கே தெரிந்திருக்கிறது. காலண்டர் மேல் ரோஜா ஏன் சுற்றியது என்பதும் அப்போது புரிந்தது. இடம் வலமாகத் திரும்பிய எழுத்துகளை மறைக்க வேண்டுமே!

"இது நான் இல்லடி, விக்டர் திருப்பியிருக்கான்டி" என்றேன்.

அமலி போனை அணைத்துக் கீழே வைத்தாள். பிறகு சொன்னாள்.

"இவ்ளோ வருசமா அடிச்சும் திட்டியும் மாறாதவ, எனக்காக மாறியிருக்கன்னு நெனச்சேன்க்கா. 'அமலி, நீயும் மாறிக்கடி, இவங்கள்லாம் சொல்றதுதான் சரி'ன்னு வாய்விட்டுச் சொல்ல மனசு வராம வீடியோவுல சொல்றன்னு நெனச்சேன். சேலையக்கூட புது மாடல்ல கட்டியிருக்கன்னு நெனச்சேன். ஒங்கிட்டக் கேக்கவும் வெக்கமா இருந்துச்சு."

"கேட்டிருக்கலாமேடி!"

"என்னன்னு கேக்கறது? ஏன் மாறினன்னா? நீ ஒருத்திதான் மாறாம இருந்த."

அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். அந்த அரியலூர் மாஸ்டர் சொன்னபோது கிட்டாரை மூடிக்கொண்டு எழுந்து வந்தவள். நான் சொன்னதாக நினைத்ததும் கேள்வி கேட்காமல் கம்பிகளை மாற்றியிருக்கிறாள். விரல் உரிய உரிய, வராத கையால், நாள் முழுக்க வேலை செய்துவிட்டு உட்கார்ந்து அழுத்தியிருக்கிறாள். ஒரு கார்ட்கூடச் சுத்தமாக வரவில்லை. வராது என்று முடிவு கட்டி, கிட்டாரைப் பீரோ மேல் தூக்கிப் போட்டுவிட்டாள்.

ஒரே கிளிக்

அங்கிருந்து நேராக ஜெயங்கொண்டம். பஸ்ஸில் உட்காரக்கூட முடியவில்லை, நின்றுகொண்டே வந்தேன்.

ஸ்டுடியோவில் விக்டர் ஏசியைப் போட்டுக்கொண்டு யாருடைய வளைகாப்பையோ வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தான். "வாங்க அண்ணி, டீ சொல்லட்டா?" என்று எழுந்தான்.

"என் வீடியோவ எதுக்குடா திருப்புன?"

அவன் முகத்தில் ஒரு மறைப்பும் இல்லை. திருடிவிட்டுப் பிடிபட்டவனின் முகமே இல்லை அது. நல்ல காரியம் செய்துவிட்டுப் பாராட்டுக்குக் காத்திருந்தவனின் முகம்.

"அதுவா அண்ணி? சொல்லிக்குடுக்குற வீடியோவாச்சே. அதுல பீச்சாங்கை வந்தா பாக்குறவங்க என்ன நெனப்பாங்க? நாங்க கல்யாண வீடியோவுல வழக்கமா பண்றதுதான். பொண்ணு பதட்டத்துல நொட்டாங்கையால குத்துவிளக்கு ஏத்திடும். மாப்பிள்ள நொட்டாங்கையால தட்ட வாங்கிடுவாரு. அப்படியே குடுத்தா ரெண்டு வூட்டுக்காரங்களும் சண்டைக்கு வந்துடுவாங்க. அந்த ஷாட்ட மட்டும் திருப்பிடுவோம். ஒரே கிளிக்கு. ஒருத்தருக்கும் தெரியாது."

"இடது கைக்காரங்களுக்கான பாடம்னு நான் வாய்விட்டுச் சொல்லியிருந்தேனேடா? அதத்தான நீ எடுத்துட்ட?"

"ஆமா அண்ணி. நம்ம குறைய நாமளே எதுக்கு ஊருக்குச் சொல்லிக்கிட்டு?"

குறை! அந்த ஒரு சொல்லுக்காகவே அவன் மேசையைப் புரட்டியிருப்பேன். எனக்கு என்னடா குறை? நான் எழுதவில்லையா, சமைக்கவில்லையா, உன் பிள்ளையைக் குளிப்பாட்டித் தூக்கி வளர்க்கவில்லையா? அமலியின் விரல் உரிந்த கதையைச் சொன்னேன். அவள் என்னைப் பற்றி என்ன நினைத்தாள் என்பதையும் சொன்னேன். கத்தித்தான் சொன்னேன். கீழே பாத்திரக் கடையிலிருந்து யாரோ மாடிப்படியில் எட்டிப் பார்த்தார்கள்.

விக்டருக்கு முகம் சுருங்கிவிட்டது. "அமலி அக்காவுக்குன்னு தெரியும், ஆனா இப்படி ஆவும்னு நெனக்கல அண்ணி. உங்க நல்லதுக்குத்தான் பண்ணேன்" என்றான். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். தன் நியாயத்தைக் காட்ட ஒன்று சொன்னான்.

"உங்க கல்யாண சிடியிலயே திருப்பித்தான இருக்கு? அன்னிக்கு வீடியோ எடுத்த எங்க ஸ்டுடியோ மாஸ்டருக்கு நாந்தான் லைட்டு புடிச்சேன். நீங்க பீச்சாங்கையாலதான் அண்ணனுக்குக் கேக்கு ஊட்டுனீங்க. அம்மா பாத்தா கலவரமாயிடும்னு நாந்தான் மாஸ்டர்கிட்டச் சொல்லித் திருப்பச் சொன்னேன். கேக்கு மேல எழுத்து இருந்ததால குளோசப்புகூட வைக்கல."

நான் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

இத்தனை வருடம். ஒவ்வொரு தடவை தண்ணீர் நீட்டும்போதும், குழம்பு ஊற்றும்போதும், அந்தச் சிடியில் இருந்தவளோடு என்னை ஒப்பிட்டு என் மாமியார் கேட்ட கேள்வி. பதில் தெரியாமல் நான் கூனிக் குறுகிய நேரங்கள். அப்படி ஒருத்தி இல்லவே இல்லை. அன்றைக்கும் நான் நானாகத்தான் இருந்திருக்கிறேன்.

"ஒரே கிளிக்குன்னு சொன்னல்ல? அத இப்ப என் கண்ணு முன்னால பண்ணு. நான் பேசுன மொதல் பேச்சையும் திரும்பச் சேரு. அந்த ரோஜாப்பூவ எடு. முடிக்கிற வரைக்கும் நான் எந்திரிக்கமாட்டேன்" என்றேன்.

டீ வந்தது. இடது கையால் வாங்கிக் குடித்தேன். அவன் தலை குனிந்து வேலை செய்தான்.

கோட்டில் குத்திய பூ

வீட்டுக்கு வந்ததும் கல்யாண சிடியைப் போட்டேன். மாமியாரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தேன். எல்லாக் காட்சியிலும் என் கணவர் கோட்டில் குத்தியிருந்த ரோஜா இடது பக்கம் இருந்தது. கேக் ஊட்டும் காட்சியில் மட்டும் வலது பக்கம் தாவியிருந்தது. அதைக் காட்டி நடந்ததைச் சொன்னேன்.

மாமியார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். திரும்பவும் போடச் சொன்னார்.

"அப்ப அன்னிக்கும் பீச்சாங்கைதானா?"

"ஆமாங்க அத்தை."

என் மேல் பாயப் போகிறார் என்று நினைத்தேன். அவருக்கு வந்த கோபமே வேறு.

"அந்தப் போட்டோக்காரப் பய என்னய ஏமாத்தியிருக்கான் பாரேன்! நடந்தத நடந்தபடி காட்டத்தான அவன வெச்சது? எம்மவன் கல்யாணத்த எனக்கே பொய்யாக் காட்டியிருக்கான். அவன் மட்டும் கையில கெடைக்கட்டும்!"

லைட் பிடித்துக்கொண்டு நின்ற மகனின் பெயரை நான் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சிடிப் பேச்சு எழவில்லை.

கோவிலில்

அமலி கம்பிகளை மறுபடியும் கழற்றி மாட்டினாள். போன நாட்கள் போனதுதான். மூன்று கார்ட் பழக வேண்டிய பாட்டுக்கு இரண்டுதான் கைக்கு வந்தது. மூன்றாவது வரும் இடத்தில் கையை எடுத்துவிடு, குரல் பார்த்துக்கொள்ளும் என்று போனில் சொன்னேன்.

புதுநன்மை அன்று கோவில் முழுக்க மல்லிகையும் சாம்பிராணியுமாக மணத்தது. பாடகர் குழுவில் கீபோர்டு வாசிப்பவர், "அக்கா, நீங்க அந்த ஓரத்துல, பின்னால நின்னுக்குங்க" என்றார். அமலி, "ஓரத்துல நிக்கிறேன். பின்னால நிக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டு, கிட்டார்க் கழுத்து யார் மேலும் இடிக்காத முன் ஓரத்தில் போய் நின்றாள்.

நற்கருணைப் பாட்டுத் தொடங்கியது. எங்களுக்குப் பின் வரிசையில் ஒரு குரல், அடக்கிக்கூட அல்ல, தாராளமாகவே சொன்னது: "இந்தப் பொம்பளை பீச்சாங்கையால வாசிக்குது பாருங்க."

நான் திரும்பி, "ஆமாங்க. நல்லாப் பாருங்க" என்றேன்.

அமலி வாசித்தாள். ஓர் இடத்தில் விரல் தடுமாறியது. மூன்றாவது கார்ட் வரும் இடத்தில் சொன்னபடியே கையை எடுத்தாள். வெள்ளைச் சட்டையில் வரிசையில் நின்ற அவள் மகன், முன்னே பார்க்க வேண்டியவன், திரும்பித் திரும்பித் தன் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான். விக்டர்தான் கேமரா பிடித்தான். பூசை முடிந்ததும் அமலி நேராக அவனிடம் போனாள்.

"தம்பி, என் கை இருந்த எடத்துலயே இருக்கட்டும்."

"இருக்கும்க்கா" என்றான் அவன், தரையைப் பார்த்து.

சேனலில் இப்போது திருப்பாத கிட்டார் பாடம் இருக்கிறது. நேற்றுத் திறந்து பார்த்தேன். சேலையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. முதல் கருத்தே இதுதான்:

'சிஸ்டர், வீடியோ கண்ணாடியில பாக்குற மாதிரி திரும்பியிருக்கு. எடிட்டர்கிட்ட சொல்லி சரி பண்ணுங்க.'

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. பதில் எழுதக் கட்டை விரலைத் தூக்கினேன். கீழே ஏற்கெனவே ஒரு பதில் இருந்தது. எழுதியவர் பெயர், அமலி, தா.பழூர்.

'வீடியோ திரும்பலைங்க. எங்க அக்காவுக்கு அதான் கை. எனக்கும்.'